பொதிகை அடிவாரத்தில் - 4: காசியை வரவழைத்த பாண்டியன்

கடையத்தைப் போன இதழிலேயே வேண்டிய மட்டும் புகழ்ந்தாயிற்று. பாரதி 1918 முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊரில் வாழ்ந்த கதையும், ஊருக்கு மேற்கே வில்வவனநாதரும் நித்தியகல்யாணியும் குடியிருக்கும் அமைதியும் அதோடு சரி. கீழக்கடையத்தில் ரயில் ஏறினால் பாவூர்சத்திரம் தாண்டித் தென்காசி. நடுவில் எழுத ஒன்றுமில்லை. தென்காசியில்தான் கேள்வி பிறக்கிறது. ஒன்பது நிலை, சுமார் 180 அடி உயரக் கோபுரம். மதுரையையே இழந்து தெற்கே ஒதுங்கிய ஒரு பாண்டிய மரபுக்கு இவ்வளவு பெரிய வாசல் எதற்கு?

1311இல் மாலிக் காபூர் மதுரைக்குள் புகுந்தான். பிறகு சுல்தான்கள் ஆண்டார்கள், அவர்களுக்குப் பின் விஜயநகரத்தார் வந்தார்கள். பாண்டியருக்கு மிஞ்சியது தென்கோடி. அங்கே அமர்ந்து பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். இதைப் பக்தி என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்தோம் என்பேன். தலைநகரை இழந்த குலம் புதிய ஊருக்குப் பெருமை தேடியது. சித்தாற்றங்கரையிலேயே காசியை வரவழைத்துவிட்டால் அதைவிடப் பெருமை எது? பாரிசிலும் இதே கணக்குத்தான். அங்கே ஒன்பதாம் லூயி மன்னன் ஏசுவின் முள்முடி என்று நம்பப்பட்டதை 1,35,000 லிவர் கொடுத்து வாங்கி, அதற்கென்றே அரண்மனை வளாகத்துக்குள் சாந்த் ஷபேல் என்ற வண்ணக் கண்ணாடிக் கோயிலைக் கட்டி 1248இல் திறந்தான். கட்டடச் செலவு முடியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தூரத்துப் புனிதத்தைத் தன் வாசலுக்குக் கொண்டுவருகிற ராஜா பக்தன்தான். ஆனால் அண்டை அரசர்கள் பார்க்கவேண்டும் என்ற நினைப்பும் அவனுக்கு உண்டு.

சிவபெருமான் கனவில் வந்தார், எறும்புச் சாரையின் வழியே போன மன்னன் லிங்கத்தைக் கண்டான் என்கிறது தலபுராணம். அதில் கௌரவம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். இருக்கட்டும், அந்தக் கதையை நான் மறுக்கவில்லை. எறும்பு லிங்கத்தைக் காட்டியிருக்கலாம். ஒன்பது நிலையை எறும்பு கேட்கவில்லையே. இன்னொரு தடை கொஞ்சம் கனமானது. திருவோலக்க மண்டபத்தின் பெரிய தூண் சிற்பங்கள் கிருஷ்ணாபுரத்து நாயக்கர் பாணியை ஒட்டியவை, அவை பராக்கிரமன் கணக்கில் சேரா என்பது. சேராவிட்டால் என் கட்சிக்கு இன்னும் நல்லது. நூறு ஆண்டு கழித்து, 1564இல் பட்டமேறிய அதிவீரராம பாண்டியன் இதே ஊர் அரசனாக நைடதம் பாடினான். எல்லை குறுகக் குறுகத் தமிழும் கல்லும் கூடிக்கொண்டே போயிருக்கின்றன.

அந்தத் தூண்களைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். வீரபத்திரரின் ஓங்கிய கை, தாண்டவத்தில் தூக்கிய கால், காளி, கரும்பு வில்லோடு மன்மதன், பக்கத்தில் ரதி, எல்லாம் தூணோடு ஒரே கல். விரல் நகம் வரை உளி இறங்கியிருக்கிறது. ஆபரணத்தின் மணிகளைத் தனித்தனியாக எண்ணலாம். சாமிக்குச் சாத்திய பட்டு நைந்துபோகும், பொன் கைமாறும், விளக்கைக் களவாடலாம். கையிருப்பு குறைந்த அரசன் அழியாத சரக்கில் அலங்காரத்தைப் போட்டது புத்திசாலித்தனம். நம் ஆட்கள்தான் அதையும் விடமாட்டேன் என்கிறார்கள். கையில் மிஞ்சிய விபூதியையும் குங்குமத்தையும் அப்ப மன்மதன் முழங்காலா கிடைத்தது? அப்பிய எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து, உளி வேலை மறைகிறது. தட்டில் விழும் காசில் ஒரு பங்கு துடைக்கும் துணிக்குப் போனால் தேவலை.

கோபுரத்தை 1457இல் தொடங்கிய பராக்கிரமன் 1463இல் மறைந்தான். தம்பி குலசேகரன் முடித்தான். இந்தக் கோயிலில் பழுது நேர்ந்தால் அதைத் திருத்துகிறவர் எவராயினும் அவர் காலில் விழுகிறேன் என்ற பொருளில் அண்ணன் கல்வெட்டே வைத்திருக்கிறான். கௌரவத்துக்காகக் கட்டியவன் இப்படிக் கெஞ்சுவானா என்றால், கெஞ்சுவான். தன் குலம் நிலைக்கும் என்ற நம்பிக்கை அற்றவனுக்குத்தான் முன்பின் தெரியாத பிற்காலத்தானிடம் கைநீட்டத் தோன்றும். கோபுரம் பிளந்து வெகுகாலம் மொட்டையாக நின்றது. திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது 1990இல். அப்போது ராஜாவும் இல்லை, ராஜ்ஜியமும் இல்லை. அந்த வாசலில் நுழையும்போது பொதிகைக் காற்று எதிர்த்துத் தள்ளும், உள்ளே போனதும் முதுகைப் பிடித்து முன்னே தள்ளும் என்று ஊரார் பெருமைப்படுவார்கள். காற்றுக் காலத்தில் அது உண்மைதான்.

குற்றாலத்துச் சித்திர சபையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்து சபைகளில் இங்கேதான் நடராசர் சிலையாக இல்லாமல் சுவர் ஓவியமாக இருக்கிறார். குற்றாலநாதர் கோயிலைவிட்டுத் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனியே நிற்கிற கட்டடம். சீசனுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. சுவர் முழுக்க மூலிகைச் சாயத்தில் எழுதிய தெய்வங்களும் புராணங்களும். பலமுறை மேலெழுதியதால் எது எந்தக் காலம் என்று பிரிப்பது கஷ்டம், என் வாதத்துக்கு அதை இழுக்கவும் மாட்டேன். அருவியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாயிற்று. எண்ணெய்க் குளியலும் சோப்பு உறையும் கலந்த அந்தக் கூட்டத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த இதழில் பாபநாசம்.