மீமிசல் என்ன ஆச்சு?

டிவிக்கு நாம பதில் பேசுற பழக்கம் ரொம்பப் பழசுங்க. சென்னைத் தொலைக்காட்சியில 'எதிரொலி'ன்னு வரும், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்வாங்கன்னு அப்பா இன்னமும் சொல்வார். அப்புறம் 'பெப்சி உங்கள் சாய்ஸ்'. லைன் கிடைக்கிறதே பெரிய பாக்கியமாம். எங்க செட்டுக்கு பிக் பாஸ். 2017-ல கூகுள்ல தேடி ஓட்டுப் போடணும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ஓட்டு! (தேர்தல் கமிஷன் கேட்டா மயங்கி விழும்.) ஓவியாவுக்கு ஊரே குத்தோ குத்துன்னு குத்துச்சு. அவங்க ஆகஸ்ட்ல தானாவே வெளிய வந்துட்டாங்க, ஜெயிச்சது ஆரவ். காமர்ஸ்காரன் கணக்குல அந்த ஓட்டெல்லாம் சேனலுக்குத்தான் வரவு.

சரி, நான் எழுத வந்தது அது இல்ல. யூட்யூப்ல நியூஸ் லைவ் ஓடும்போது ஓரமா ஓடுதே சாட், அது.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. எங்க மாவட்டத்துலயும் தென்னை, பலா, கரண்ட் கம்பம்னு எல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு. நான் அப்ப ஸ்கூல். கரண்ட் இல்ல, டவர் இல்ல. புயலை உலகமே டிவியில பாத்துச்சு, உள்ளே இருந்த நாங்கதான் பாக்கல.

சிங்கப்பூர்ல சின்ன மாமா பாத்திருக்கார். "மீமிசல் என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்க"ன்னு சாட்ல திரும்பத் திரும்ப போட்டிருக்கார். அவரை மாதிரியே பேராவூரணி, அறந்தாங்கி, கட்டுமாவடின்னு ஆளாளுக்கு அவங்கவங்க ஊர்ப் பேரு. நடுவுல கட்சிச் சண்டை வேற (அதுக்கு மட்டும் புயலும் கிடையாது மழையும் கிடையாது). கேட்ட கேள்வி அஞ்சு செகண்ட்ல மேல போய் மறைஞ்சிடுமாம். செய்தி வாசிக்கிறவங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

கடைசியில பதில் சொன்னது துபாய்ல இருந்த யாரோ ஒருத்தர். அவரோட தம்பி கோட்டைப்பட்டினத்துலேருந்து தொண்டி வரைக்கும் பைக்ல போய் டவர் பிடிச்சுப் பேசினாராம். வழியில ஈசிஆர்ல மரம் விழுந்து கிடக்கு, ஆனா மீமிசல் கடைத்தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கு, அவ்வளவுதான் சேதி. எங்க குரலைக் கேக்க மாமாவுக்கு இன்னும் மூணு நாள் ஆச்சு. அதுவரைக்கும் அந்த ஒத்தை வரிதான். ஸ்க்ரீன்ஷாட் இன்னமும் வச்சிருக்கார்.

இப்பல்லாம் காத்தழுத்தத் தாழ்வுன்னு சொன்னாலே ரெண்டு பேரும் லைவைத் திறந்துடுவோம். சாட்டை 'டாப்'ல வைக்காதடா, 'லைவ்'ல வை, இல்லாட்டி பாதி கேள்வியை யூட்யூபே வடிகட்டிடும்னு மாமா சொல்லிக் கொடுத்தார். போன மழையில குவைத்லேருந்து ஒரு அக்கா, தொண்டியில தண்ணி நிக்குதான்னு கேட்டாங்க. கிளாஸ்மேட் ஒருத்தன் அங்கதான். போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்: நிக்குதுக்கா, முழங்கால் அளவு, வீட்டுக்குள்ள வரல.