விலகினார் என்னும் சொல்

டென்னிஸில் ஒருவர் ஆடாமற்போவதைக் குறிக்க நான்கு தனித்தனிச் சொற்கள் உண்டு. பெயர் கொடுத்த பின், போட்டி தொடங்கும் முன்பே வர இயலாது என்று அறிவித்தால் அது வித்ட்ராயல். போட்டியின் நடுவே, அடுத்த சுற்றுக்குக் களமிறங்காமலேயே எதிராளியிடம் வெற்றியை விட்டுக்கொடுத்தால் வாக்ஓவர். ஆடிக்கொண்டிருக்கையில் காயத்தாலோ உடல்நலக் குறைவாலோ நிறுத்திக்கொண்டால் ரிடையர்மென்ட். ஒழுங்குமீறலுக்காக நடுவர் வெளியேற்றினால் டிஃபால்ட். தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் இவற்றுள் முதல் மூன்றையும் பெரும்பாலும் ‘விலகினார்’ என்னும் ஒரே வினைமுற்றுக்குள் அடக்கிவிடும். குறை சொல்வதற்கில்லை, ரிடையர் ஆனார் என்பதை ‘ஓய்வு பெற்றார்’ என்று எழுதினால், அந்த வீராங்கனையின் விளையாட்டு வாழ்வே முடிந்துவிட்டது என்று வாசகர் வருந்தத் தொடங்குவார்.

ஆயினும் ‘விலகினார்’ என்பதில் இலக்கணம் சார்ந்த ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. விலகுதல் தன்வினை. செய்தவரும் அவரே, செயலின் பயனை ஏற்பவரும் அவரே. ஒரு ககர ஒற்றை இடையில் சேர்த்தால் ‘விலக்கினர்’ ஆகும். அப்போது செய்தவர் வேறொருவர் ஆகிவிடுவார். சானியா மிர்சாவின் விளையாட்டு வாழ்வில் இந்த ஒற்றெழுத்தைச் சேர்ப்பதா விடுப்பதா என்று தயங்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. அது 2008 மார்ச் மாதத்துப் பெங்களூரு.

கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் அரங்கில் அந்த மாதம் நடந்த பெங்களூரு ஓப்பன், 6 லட்சம் டாலர் பரிசுத்தொகை கொண்ட இரண்டாம் அடுக்குப் போட்டி. மகளிர் டென்னிஸில் அவ்வளவு உயர்ந்த அடுக்கிலான போட்டி இந்திய மண்ணுக்கு வருவது அரிது. செரீனா வில்லியம்ஸ் வந்தார், வீனஸும் வந்தார். அரையிறுதியில் அக்காளும் தங்கையும் மோதினர். மூன்றாம் செட் டை-பிரேக்கர் வரை சென்ற அந்த ஆட்டத்தில், தோல்விக்கு ஒரே ஒரு புள்ளி தொலைவில் நின்ற செரீனா மீண்டு வென்றார். இறுதியில் சுவிட்சர்லாந்தின் பேட்டி ஷ்னைடரையும் வீழ்த்திப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனை வென்று உலகின் முதலிடத்துக்குத் திரும்பினார். இந்திய ரசிகர்கள் தம் நகரத்தில் உட்கார்ந்தபடியே காணக் கிடைத்த மிகச் சிறந்த மகளிர் டென்னிஸ் வாரம் அதுவாகவே இருக்கக்கூடும்.

அந்த வாரத்தில் சானியா இல்லை.

காயம் காரணமன்று. இனி இந்தியாவில் ஆடும்போதெல்லாம் ஏதேனும் ஒரு சிக்கல் முளைப்பதால் இம்முறை ஆடாதிருப்பதே நல்லது என்று தமக்கு அறிவுரை கூறப்பட்டதாகவும், தாமும் அதை ஏற்றுக்கொண்டதாகவும் பிப்ரவரியில் அவர் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 ஆகஸ்ட் 27 அன்று, ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடத்தை எட்டியிருந்தார். அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் அந்த உயரத்தின் அருகிலும் சென்றதில்லை. கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்றை வென்றதே, இக்காலக் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் வெற்றி. அவர் எட்டிய மிக உயர்ந்த தரவரிசை 134. தந்தையிடம் பயின்று, போதிய ஆதரவாளர் இன்றித் தனியே ஐரோப்பா முழுதும் அலைந்து பெற்ற 134 அது. அதன் அருமை வேறு. 134க்கும் 27க்கும் இடையிலான தொலைவைப் பத்தாண்டுக்குள் கடந்த ஒருவர்தாம், தம் நாட்டில் நடந்த மிகப் பெரிய போட்டிக்கு வரவில்லை.

வெளியூர்ப் போட்டி என்று அதைக் கருதிவிடவும் முடியாது. பெங்களூரு ஓப்பனின் முன்பிறவி ஐதராபாத் ஓப்பன். 2003 முதல் 2005 வரை ஐதராபாத்தில் நடந்த போட்டியே 2006இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. ஐதராபாத்தில் 2004இல் லீசல் ஹியூபருடன் சானியா இரட்டையர் பட்டம் வென்றார். 2005இல் அங்கேயே உக்ரைனின் அல்யோனா பொண்டரென்கோவை வீழ்த்தி, மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பெங்களூருக்குப் போட்டி வந்த முதல் ஆண்டிலும் ஹியூபருடன் சேர்ந்து அனஸ்டாசியா ரோடியோனோவா, எலெனா வெஸ்னினா இணையை வென்று இரட்டையர் கோப்பையை எடுத்துச் சென்றார். ஆக, அவர் வராதிருந்தது அவரை வளர்த்த போட்டிக்கு.

அந்த மூன்றாண்டுகளில் நடந்தவற்றை இப்போது திரும்பிப் பார்க்கையில், ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதாகவே தோன்றும். 2005இல் அவர் ஆடும் உடை மதநெறிக்கு ஒவ்வாதது என்று சில மதகுருமார் அறிவித்தனர். அதே ஆண்டின் இறுதியில், திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்த ஒரு கேள்விக்கு அவர் சொன்னதாக வெளியான கருத்துக்காக உருவ பொம்மைகள் எரிக்கப்பட்டன. அவர் விளக்கம் அளிக்க நேர்ந்தது. நடிகை குஷ்பு மீது அதே பொருளில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை என்பது இங்குள்ள வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவ்வழக்குகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2010 ஆயிற்று. 2007இன் இறுதியில் ஐதராபாத் மெக்கா மசூதியில் நடந்த ஒரு விளம்பரப் படப்பிடிப்பு புகாராக வளர்ந்தது, வருத்தம் தெரிவித்தார். 2008 சனவரியில் பெர்த் நகரில், ஹாப்மன் கோப்பையில் ரோகன் போபண்ணாவுடன் இந்தியாவுக்காக ஆடச் சென்றிருந்தபோது, அவர் மேசைமேல் கால் நீட்டி அமர்ந்திருந்த ஒரு புகைப்படம் வெளியானது. படத்தின் ஓரத்தில் தேசியக்கொடி இருந்தது. தேசியச் சின்னங்களை அவமதித்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. விளையாட்டையே விட்டுவிடலாமா என்று அந்நாள்களில் எண்ணியதாக அவரே கூறியிருக்கிறார்.

மதத்துக்கு உரிய பெண்ணாக இல்லை என்று ஒரு சாராரும், நாட்டுக்கு உரிய பெண்ணாக இல்லை என்று மறுசாராரும் குற்றம்சாட்டினர். இரு குற்றச்சாட்டுகளிலும் பொருளாக இருந்தது அவருடைய உடலே: பாவாடையின் நீளம், கால் வைத்த இடம். ஃபோர்ஹேண்ட் பற்றி எவரும் வழக்குப் போடவில்லை.

அந்த ஃபோர்ஹேண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பிற்காலத்து விலகல் ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது. சானியா மட்டையைப் பிடிக்கும் முறையில் உள்ளங்கை ஏறக்குறைய கைப்பிடியின் அடிப்புறத்துக்குப் போய்விடும். அப்பிடியிலிருந்து பந்தைத் தட்டையாகவும் வேகமாகவும் அடிக்க, தோளும் முழங்கையும் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை மணிக்கட்டு ஏற்றுக்கொள்கிறது. கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தின் திசையை மாற்றுவார். எதிராளியால் முன்கூட்டிக் கணிக்க இயலாது. 2005இல் துபாயில், அமெரிக்க ஓப்பன் பட்டத்தைக் கையில் வைத்திருந்த குஸ்னெட்சோவாவை அப்படித்தான் நிலைகுலையச் செய்தார்; 2006இல் சியோலில் மார்ட்டினா ஹிங்கிஸையும் ஒற்றையரில் வென்றார். ஆயின் அந்த வீச்சுக்குரிய விலையையும் மணிக்கட்டே செலுத்தியது. பெங்களூருக்கு வராத அதே 2008இல், பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் மணிக்கட்டு வலியால் பாதி ஆட்டத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரே ஆண்டில் இரண்டு முறை ‘விலகினார்’ என்று செய்தி வந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்ட மொழி, இரண்டையும் ஒரே வகை நிகழ்ச்சி ஆக்கிவிட்டது.

காயம் அடுத்தடுத்து வந்து, 2013 அளவில் ஒற்றையர் ஆட்டத்தை அவர் முற்றிலும் கைவிட்டார். ஒற்றையரில் இருபுறமும் ஓடவேண்டும். வலுவற்ற பக்கத்தை எதிராளி கண்டுபிடித்துத் தாக்கிக்கொண்டே இருப்பார். இரட்டையரில் ஆடுகளத்தின் பாதி மட்டுமே ஒருவருக்கு உரியது. வலப்புறத்தை எடுத்துக்கொண்டால் ஃபோர்ஹேண்டுக்கு வேலை மிகுதி. வலையருகே நிற்க இணை இருக்கிறார். குறைந்த ஓட்டம், குறைந்த தேய்மானம், நீண்ட ஆயுள். ஒற்றையரே உண்மையான டென்னிஸ், இரட்டையர் தோற்றவர்களின் புகலிடம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். பரிசுத்தொகையைப் பங்கிடும் முறையும் அதையே சொல்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்வதைவிட 2015ஐச் சுட்டுவது எளிது.

அவ்வாண்டு மார்ச்சில் ஹிங்கிஸுடன் இணைந்தார். இன்டியன் வெல்ஸ், மியாமி, சார்ல்ஸ்டன் என முதல் மூன்று போட்டிகளையும் இருவரும் தொடர்ந்து வென்றனர். ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையர் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தார். மொத்தம் 91 வாரங்கள் அந்த இடம் அவருக்கு உரியதாக இருந்தது. சூலையில் விம்பிள்டன் இறுதியாட்டம். எதிரே மகரோவா, வெஸ்னினா. பெங்களூருவில் 2006இல் தோற்ற அதே வெஸ்னினாதான். மூன்றாம் செட்டில் 2-5 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து 5-5 வரை இழுத்து வந்தபோது வெளிச்சம் குறைந்து, அரங்கின் கூரையை மூட ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியபின் இரண்டு கேம்களில் முடித்தனர். அடுத்து அமெரிக்க ஓப்பன், அதன்பின் 2016 ஆஸ்திரேலிய ஓப்பன். தொடர்ந்து 41 வெற்றிகள். போட்டியாகப் பெயர்பெற்ற ஒருவரைத் தோழியாக்கிக்கொண்டு பெற்ற வெற்றிகள் இவை என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

விலகியிருக்கக்கூடிய ஒரு தருணத்தில் அவர் விலகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது, லியாண்டர் பயஸுடன் ஆட மறுத்தனர் பெங்களூருவைத் தளமாகக் கொண்ட மகேஷ் பூபதியும் போபண்ணாவும். பயஸைச் சமாதானப்படுத்தச் சானியாவைக் கலப்பு இரட்டையரில் அவருக்கு இணையாக அறிவித்தது இந்திய டென்னிஸ் சங்கம். சில வாரங்களுக்கு முன்னர்தான் பூபதியுடன் சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றிருந்தார் அவர். ஆண்களின் பூசலைத் தீர்க்கத் தம்மைத் தூண்டில் இரையாக வைத்துவிட்டனர் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். ஆனால் ஆடினார். காலிறுதி வரை சென்றனர். அந்தக் கோடைகாலத்தில் பூசலிட்ட ஆண்கள் எவரையும் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று உருவ பொம்மை செய்து எரித்ததாக நினைவில்லை.

2008 முடிவுக்கு மீண்டும் வந்தால், அதைக் கோழைத்தனம் என்றும் செருக்கு என்றும் அந்நாளில் சிலர் கூறினர். இரண்டும் பொருந்தாது. தரவரிசைப் புள்ளிகள் 52 வாரங்களுக்கு மட்டுமே உயிருள்ளவை. ஒரு வாரத்தை இழப்பது கணக்கில் தெரியும் இழப்பு. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, எங்கே தம்மால் பந்தை மட்டும் எண்ணி ஆட இயலுமோ அங்கே செல்வது தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் கணக்கு. அந்தக் கணக்கை ஒரு பெண் தன் நாட்டைக் குறித்தே போடவேண்டி வந்ததுதான் செய்தி. ‘வரவில்லை’ என்பது அவர் செயல். வரவிடாமற் செய்த சூழல் பலர் கூடிச் செய்த செயல். அதற்கு எழுவாய் இல்லாததால் எந்த நாளிதழும் அதைத் தலைப்பில் இடவில்லை. இங்கே ககர ஒற்றைச் சேர்த்து எழுதுவதே முறை.

பெங்களூரு ஓப்பனும் அந்த அடுக்கில் அத்துடன் நின்றது. மகளிர் சுற்றுத்தொடரின் முதன்மைப் போட்டி ஒன்று இந்தியாவுக்குத் திரும்ப 2022 செப்டம்பர் ஆயிற்று. வந்த இடம் சென்னை நுங்கம்பாக்கம். செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருஹ்விர்டோவா வென்றார். அப்போதும் சானியா ஆடவில்லை, இம்முறை காயம்.

2023 சனவரியில் மெல்போர்னில் தம் கடைசிக் கிராண்ட் ஸ்லாம் ஆட்டத்தை, ஒரு கலப்பு இரட்டையர் இறுதியை, அவர் ஆடினார். பக்கத்தில் நின்றவர் போபண்ணா. பதினான்கு வயதில் கலப்பு இரட்டையரில் தம் முதல் இணை அவரே என்று கண்ணீருக்கு இடையே கூறினார். தோற்றனர். நான்கு வயது மகன் அரங்கில் இருந்தான். பிப்ரவரியில் துபாயில் விளையாட்டு வாழ்வு நிறைவுற்றது; நாளிதழ்கள் ‘ஓய்வு’ என்று எழுதின, இம்முறை சரியாக.

அதே பிப்ரவரியில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் அணி, முதன்முறையாகத் தொடங்கவிருந்த மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட்டுக்குத் தன் வீராங்கனைகளின் வழிகாட்டியாகச் சானியாவை அமர்த்தியது. அந்த அணியின் சொந்த மைதானமான சின்னசாமி அரங்கம், கப்பன் பூங்காவின் டென்னிஸ் களங்களிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. அவ்வாண்டுப் போட்டிகள் அனைத்தும் மும்பையில் நடைபெற்றன.