ஒரு கையால் சாப்பிடுகிற சாப்பாடு

குழந்தைகள் வார்டுக்குச் சமைக்க வருகிறவர்கள் முதலில் கல்யாணச் சமையலை மறக்க வேண்டும். இலை போட்டு, சாம்பார், ரசம் என்று வரிசையாகச் சாப்பிட இங்கே யாருக்கும் நேரமில்லை. டிரிப்ஸ் ஏறும் பிள்ளையின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிற அம்மாவுக்குத்தான் நாங்கள் சமைக்கிறோம்.

அதனால் எங்கள் சாம்பார் சாதத்தில் முருங்கைக்காய் கிடையாது. சக்கையைத் துப்ப அவளுக்கு இடம் ஏது? பூசணி, கேரட், அவரை எல்லாம் சோற்றோடு மசிகிற அளவுக்குப் பொடியாக நறுக்குகிறோம். சாதம் குழைந்திருக்கலாம், ஒழுகக் கூடாது. விரிப்பில் கொட்டிவிட்டால், மாற்று விரிப்பு வரும்வரை பிள்ளை ஈரத்திலேயே கிடக்கும். காலை இட்லியில் நல்லெண்ணெயும் பொடியும் தடவிக் கொடுக்கிறோம். தேங்காய்ச் சட்னி பக்கமே போவதில்லை, வெயிலுக்குச் சீக்கிரம் ஊசிப்போகும்.

சோறு வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பொட்டலம் அவள் கைக்குப் போய்விட வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் பெருகுகிற ஒருவகைப் பாக்டீரியாவின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அம்மாவுக்கு வாந்தி, பேதி என்றால் பிள்ளைக்கு யார் துணை?

அம்மாவின் தட்டில் இருப்பதைப் பிள்ளை கேட்காமல் இருக்காது. சிறுநீரில் புரதம் போய் முகம் வீங்கி வரும் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அந்த மாத்திரை பசியைக் கிளப்பிவிடும்; உப்பைக் குறைக்க வேண்டிய நேரமும் அதுதான். ஊறுகாயைக் கண்ணில் காட்டிவிட்டு ‘உனக்குக் கிடையாது’ என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அந்தக் கட்டில்களுக்குப் போகும் பொட்டலத்தில் ஊறுகாய், அப்பளம் இருக்காது. புற்றுநோய்க்கு மருந்து ஏறும் பிள்ளைகளுக்குத் தாளித்த வாசனையே குமட்டும். அங்கே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், பச்சை வெங்காயப் பச்சடி கூடாது. இதையெல்லாம் நாங்களாக முடிவு செய்வதில்லை. வார்டு உணவியலாளர் எழுதிக்கொடுக்கும் பட்டியல்தான் எங்களுக்குச் சட்டம்.

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டால் எந்த அம்மாவும் “ஆச்சுக்கா” என்றுதான் சொல்வாள். “பாப்பா காலையில என்ன சாப்பிட்டுச்சு?” என்று பேச்சை ஆரம்பித்தால் உண்மை தானாக வரும். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் கொடுத்த ரொட்டியில் அது கடித்து வைத்த மிச்சம்தான் அவளுடைய காலைச் சாப்பாடு. பொட்டலத்தை நீட்டிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட வேண்டும்.

2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் வந்தது பெரிய காரியம். ஒரு ரூபாய்க்கு இட்லி, மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரின் பெயரால் ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களால் வெளியே நடைபாதையில் படுத்திருக்கும் அப்பாக்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் பிள்ளையின் அம்மா அந்த வரிசையில் நிற்க வேண்டுமானால் கட்டிலைவிட்டு நகர வேண்டும். அப்பா கூலி வேலைக்கு ஊர் திரும்பிவிட்டால் அதுவும் முடியாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரமும் சோறு கிடைக்கிற நேரமும் ஒன்றாகவே அமையும்.

குறைமாதப் பிள்ளையின் தாயை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் இலவச உணவு உண்டு. பிள்ளையோ வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டியவள் அவள். பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். டீயும் பன்னும் அதைத் தருமா? அவளுக்கென்று பூண்டு நிறையப் போட்ட குழம்புச் சாதம், முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை தனியாகப் போகும். முட்டையை உரித்தே வைத்துவிடுவோம்.

கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளைச் சேர்க்கும் மறுவாழ்வு மையங்களில், கூட இருக்கும் தாய்க்குச் சாப்பாடும், இழந்த கூலிக்கு ஈடும் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2011 வழிகாட்டுதலே சொல்கிறது. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை தேறாது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. நிமோனியாவுக்கும் இதய ஆபரேஷனுக்கும் படுத்திருக்கும் பிள்ளைகளின் தாய்க்கு மட்டும் அது பொருந்தாதா? பிள்ளைக்கு டயட் எழுதும் அதே தாளில் தாய்க்கும் ஒரு வரி எழுதச் சட்டம் வர வேண்டும். வேறு எதைக் கேட்பதைவிடவும் இதைத்தான் நான் கேட்பேன்.

அதுவரை இரவில் வருகிறவர்களுக்கு வழி பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்து மாவட்டத்திலிருந்து 108 ஆம்புலன்ஸில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அம்மா வந்து சேரும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது. அவர்களுக்காக சத்துமாவு உருண்டை, ரஸ்க், வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர் என்று சில பைகளை இரவுப் பணி ஆயாவிடம் கொடுத்து வைக்கிறோம். பழத்தைத் தினமும் மாற்ற வேண்டும், உருண்டை ஒரு வாரம் தாங்கும்.