சிஜு: பெயருக்குக் காத்திருக்கும் இருட்டு

மேகாலயாவின் தெற்கு காரோ மலை மாவட்டத்தில், பாக்மாரா நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சிஜு. ஊரை ஒட்டி ஓடும் சிம்சாங் ஆறு எல்லையைத் தாண்டி வங்கதேசத்துக்குள் போனதும் சோமேஸ்வரி ஆகிவிடுகிறது. ஆற்றங்கரையில் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழும் இடத்தில் ஒரு பெரிய வாய் திறந்திருக்கிறது. காரோ மக்களுக்கு அது 'தோபாக்கோல்', அதாவது வௌவால் குகை. வெளியூர்க்காரர்களுக்கு சிஜு குகை.

உள்ளே 4 கி.மீ.க்கு மேல் நீளம். சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் வாசலிலிருந்து கொஞ்ச தூரம் போய், தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு மேல் போக வேண்டுமானால் குகைக்குள் ஓடும் ஓடையில் இறங்கி நடக்க வேண்டும். வெளிச்சம் படிப்படியாக மங்கி, ஒரு திருப்பத்தில் முற்றிலும் நின்றுவிடுகிறது. அங்கே செடி கொடி கிடையாது. மழைத் தண்ணீர் அடித்து வரும் சருகும் வௌவால் எச்சமும்தான் சாப்பாட்டுக்கு ஆதாரம். எச்சத்தைத் தின்ன பூச்சிகள், பூச்சிகளைத் தின்ன சிலந்திகள்.

1922-இல் இந்த இருட்டுக்குள் இருவர் வந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் ஸ்டான்லி கெம்ப், பி.என். சோப்ரா. கெம்ப் பின்னாளில் அண்டார்டிக் கடல் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். இருவரும் கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் பிடித்துக் கல்கத்தாவுக்கு எடுத்துப் போனார்கள். சுமார் 100 இனங்கள் தேறின. இந்தியாவில் ஒரு குகையின் உயிர்களை இவ்வளவு முழுமையாகக் கணக்கெடுத்தது அதுவே முதல் முறை.

ஒவ்வொரு வகை உயிரும் அதற்கான நிபுணரிடம் போனது. இறால் கெம்ப்பிடமே இருந்தது. சிலந்திகளை ஆராய்ந்தவர் லூயி ஃபாஜ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1924-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு புதிய சிலந்திக்குப் பெயர் கிடைத்தது: ஹெடிரோபோடா ரோபஸ்டா.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இதன் உறவுக்காரரை எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சுவரில் வலை பின்னாமல் ஒட்டிக்கொண்டிருந்து, கரப்பான் பூச்சியைப் பாய்ந்து பிடிக்குமே, தட்டையான பெரிய சிலந்தி, அது இதே ஹெடிரோபோடா இனத்தைச் சேர்ந்ததுதான். மேகாலயக் குகைச் சுவர்களில் டார்ச் வெளிச்சம் பட்டதும் ஆட்களை அலற வைப்பவை பெரும்பாலும் இந்த வகைச் சிலந்திகளே.

அலறுவது சுலபம். அது எந்த இனம் என்று சொல்வதுதான் கஷ்டம். நிறமும் அளவும் ஏமாற்றும். ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு சிறு உணர்கால்கள் உண்டு. அவற்றின் நுனியில்தான் அதன் இனப்பெருக்க உறுப்பு. பெண்ணுக்கு வயிற்றின் அடியில். சாவியும் பூட்டும் போல இவை பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறுபடும். நுண்ணோக்கியில் இதைப் பார்த்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். குஞ்சு அகப்பட்டால் இந்த வழி பயன்படாது. வளர்ந்ததைப் பிடித்துச் சாராயக் குப்பியில் போட வேண்டும். பிறகு முன்னோர் பெயரிட்ட மூல மாதிரிகள் எந்த நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று தேடி ஒப்பிட வேண்டும். எல்லாம் முடிந்தால்தான் பெயர்.

அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? மேகாலயக் குகைகளின் இன்னொரு பெரிய ஹெடிரோபோடாவுக்குப் பெயர் கிடைத்தது 2005-இல். பெயரிட்டவர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தின் பீட்டர் யேகர். பெயர் ஹெடிரோபோடா ஃபிஷேரி. ஃபாஜின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 81 ஆண்டுகள். இதே யேகர் 2012-இல் லாவோஸ் நாட்டுக் குகை ஒன்றிலிருந்து இதே குடும்பத்தில் கண்ணே இல்லாத முதல் சிலந்தியை அறிவித்தார். குகை ஆய்வாளர்கள் தலையில் மாட்டும் விளக்கைத் தயாரிக்கும் கம்பெனியின் பெயரை அதற்குச் சூட்டினார். வெளிச்சமே தேவைப்படாத சிலந்திக்கு விளக்கின் பெயர்!

உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தாண்டியது. சிஜுவும் சும்மா இருக்கவில்லை. 2020-இல் வாசலிலிருந்து 100 மீட்டருக்குள் பிடித்த ஒரு தவளை, 2023-இல் அமோலாப்ஸ் சிஜு என்ற பெயருடன் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1922-இலேயே துழாவிய குகையில், சுற்றுலாப் பயணிகள் நடக்கும் தூரத்தில் இருந்த உயிர் இது.

சிஜுவிலேயே இப்படி என்றால் மற்ற குகைகளில்? 1992 முதல் உள்ளூர் ஆர்வலர்களும் வெளிநாட்டுக் குகை ஆய்வாளர்களும் சேர்ந்து மேகாலயாவில் நூற்றுக்கணக்கான குகைகளை அளந்திருக்கிறார்கள். லியாட் பிரா குகை மட்டும் 30 கி.மீ.க்கு மேல். ஆனால் அளவுநாடா போன இடத்துக்கெல்லாம் உயிரியலாளர் போகவில்லை. வரைபடம் ஒரு பருவத்தில் தயாராகிவிடும், சிலந்திக்குப் பெயர் வைக்க ஒரு வாழ்நாள் ஆகலாம்.

இன்னொரு வேலையும் இங்கே வேகமாக நடக்கிறது. ஜெயிந்தியா மலைகளில் லும்ஷ்னாங் பகுதியின் சுண்ணாம்புக் கல்லை சிமென்ட் ஆலைகள் தின்கின்றன. எலிவளை நிலக்கரிச் சுரங்கங்களுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை விதித்தது, சுண்ணாம்புக் கல் வெட்டுவது நிற்கவில்லை. குகை தோன்றவும் அந்தக் கல்தான் காரணம், அந்த ஊர்களின் பலருக்குக் கூலி கிடைக்கவும் அதே கல்தான். கல்லை வெட்டாதே என்று சொல்பவர்களிடம், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பட்டியலை நீட்ட வேண்டும். பெயரில்லாத சிலந்தியை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது.

ஒரே ஒரு மலைக்குள் மட்டும் வாழும் இனமென்றால் மலை போனதும் அதுவும் போய்விடும். இருந்ததற்கு அத்தாட்சியாக ஒரு குப்பி கூட மிஞ்சாது. ஹெடிரோபோடா ரோபஸ்டா அந்த வகையில் கொடுத்து வைத்தது. 1922-இல் அந்த இருவர் ஓடையில் இறங்கி நடந்தார்கள்.