கேஸ் குறையாது, கண்ணு

பிரிட்ஜில் இருக்கிற கேஸ் தானாகக் குறையாது, கண்ணு. வண்டிக்குப் போடுகிற பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சரக்கு இல்லை அது. கம்ப்ரஸர் அழுத்தித் தள்ள, அதே கேஸ்தான் மூடின குழாய்க்குள் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. உன் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்த மெக்கானிக் "கேஸ் கொறஞ்சிருச்சும்மா, அடிச்சிரலாம்" என்றதும் நீ எவ்வளவு ஆகும் என்று கேட்டாயாம். எங்கே லீக் என்று கேட்டிருக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் அடிக்கிற கேஸ் அடுத்த மாசமே காற்றோடு போய்விடும். அவரும் மறுபடி வருவார்.

அவரைத் திருடன் என்று சொல்ல வரவில்லை. தெர்மல் குவார்ட்டர்ஸ், சேலம் கேம்ப், மாதையன்குட்டை என்று மேட்டூர் முழுக்க டூல்ஸ் பையோடு சுற்றினவன் நான். இந்தத் தொழிலுக்கு வருகிற பல பையன்களுக்கு அவர்கள் குரு சொல்லிக்கொடுத்ததே அவ்வளவுதான்: கூலிங் இல்லையா, கேஸ். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு யாராலும் கணக்குக் கேட்க முடியாது, அதனால் அந்தப் பேச்சு எந்த வீட்டிலும் எடுபடுகிறது. உனக்கு வயசு இருபத்தஞ்சு. இனி டாக்டர், வக்கீல், வீட்டு புரோக்கர் என்று எத்தனையோ பேர் உன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பேரைச் சொல்லிக் காசு கேட்பார்கள். தெரிகிறதை எல்லாம் நீ பார்த்து முடித்த பிறகு கொடு.

தெரிகிறது என்ன என்று சொல்கிறேன். பிரிட்ஜ் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே போடுகிறது. பழைய பெட்டியில் முதுகுப் பக்கம் கருப்புக் கம்பி வலை இருக்கும், சூடு அது வழியாகப் போகும். இப்போது வருகிறவற்றில் அந்தக் குழாயைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் பதித்துவிடுகிறார்கள். அதனால் பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது கோளாறு இல்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தம். நீ சமையலறை மூலையில் இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நெருக்கி வைத்து, மேலே அட்டைப்பெட்டி அடுக்கி, பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருக்கிறாய். சித்திரை வெயிலில் நம்ம ஊர்ப் பக்கம் அறையே கொதிக்கும்போது அந்தச் சூடு எங்கே போகும்? ஒரு சாண் இடம் விடு. உறையைக் கழற்று. பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்ததை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். கூலி கேட்கக் கூச்சமாக இருக்கும், டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அடுத்தது காது. பெட்டி சத்தமே இல்லாமல் கிடந்து, உள்ளே பல்பும் எரியவில்லை என்றால் பிளக்கைப் பார், சுவிட்சைப் பார், வேறொன்றை அதே பிளக்கில் மாட்டிப் பார். பல்பு எரிகிறது, ஆனால் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் "டிக்" என்று சத்தம் கேட்டு ஓய்ந்துபோகிறது என்றால், கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்து முடியாமல் ஓவர்லோடு என்கிற பாதுகாப்புச் சாமான் அதை நிறுத்துகிறது. வோல்டேஜ் இறங்கியிருக்கலாம், ரிலே போயிருக்கலாம். ரிலே சின்னச் சாமான், விலையும் அதிகமில்லை. அதைப் பார்க்காமல் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு.

மேலே பிரீசரில் ஐஸ் நன்றாக இருக்கிறது, கீழே பால் திரிகிறது என்றாயே, அது ஐஸைத் தானே உருக்கிக்கொள்கிற பிராஸ்ட் ஃப்ரீ பெட்டிக்கே உரிய வியாதி. கேஸ் போயிருந்தால் பிரீசரும் சேர்ந்து படுத்திருக்கும். பின்தகட்டுக்குப் பின்னால் காயிலில் ஐஸ் ஏறி, காற்று கீழே இறங்கும் வழி அடைபட்டிருக்கும்; ஐஸை உருக்குகிற ஹீட்டரோ சென்சாரோ வேலை செய்யாமல் இருக்கலாம், ஃபேன் நின்றிருக்கலாம். சாமானை எல்லாம் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவை ஒரு நாள் முழுக்கத் திறந்து வை. கீழே பழைய துணி போட்டுக்கொள். மறுபடி போட்டதும் நாலைந்து நாள் நன்றாக ஓடி, திரும்பப் படுத்தால் ஹீட்டர் பக்கம்தான் கோளாறு. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டு இதை அப்படியே சொல். அவர் பேச்சே மாறிவிடும், பாரேன்.

கேஸ் மேல் உண்மையாகச் சந்தேகப்பட வேண்டிய இடமும் இருக்கிறது. மோட்டார் ஓயாமல் ஓடுகிறது, பக்கத்தில் சூடே இல்லை, சாதா பெட்டியாக இருந்தால் பிரீசரின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் இருந்த கத்திதான். ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டது என்று கத்தியை விட்டு நெம்புவார்கள். உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. "உஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெந்நீர்க் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் பத்து நிமிஷத்தில் தானே விட்டிருக்கும்.

இந்தக் கேஸுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. உன் அம்மாவுக்கே இது தெரியாது. ஆதியில் பிரிட்ஜில் சல்ஃபர் டை ஆக்சைடு, அம்மோனியா மாதிரி விஷ வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டு ஆட்களுக்கே ஆபத்து. 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்கிறவரின் குழு அதற்கு மாற்றாக ஒன்றைக் கண்டுபிடித்தது. எரியாது, நாறாது, விஷமும் இல்லை. ஆர்-12 என்று நாங்கள் சொல்வோம். சி.எஃப்.சி. என்கிற அந்தக் குடும்பத்துக் கேஸை இந்தியாவில் தயாரித்த நாலு கம்பெனிகளில் நம்ம மேட்டூர் கெம்பிளாஸ்ட்டும் ஒன்று. நானும் சிலிண்டர் சிலிண்டராக அடித்திருக்கிறேன். மிச்சத்தைக் காற்றில் திறந்துவிடுவதுதான் அன்றைய வழக்கம், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

1974-ல் மொலினா, ரோலண்ட் என்று இரண்டு விஞ்ஞானிகள், இந்தக் கேஸ் மேலே போய் ஓசோனை அரிக்கிறது என்றார்கள். கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்து கிடப்பது தெரியவந்தது, 1987-ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா 1992-ல் சேர்ந்தது, 2008 ஆகஸ்ட் 1-லிருந்து தயாரிப்பை நிறுத்தியது. அந்த இரண்டு பேருக்கும் 1995-ல் நோபல் கிடைத்தது. யாருக்கும் கெடுதல் இல்லை என்று உலகமே அடித்துச் சொன்ன பொருள் அது. உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் இப்போதும் எனக்கு அந்த சிலிண்டர்தான் ஞாபகம் வருகிறது.

ஆர்-12 போய் 134ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். இப்போது பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் 600ஏ. சமையல் கேஸுக்குப் பங்காளி, தீப்பிடிக்கும். ஒரு பெட்டிக்குச் சில பத்து கிராம்தான் போடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழாயில் கேஸ் இருக்கும்போதே டார்ச் நெருப்பை வைத்துப் பற்றவைக்கப் பார்த்தால் விபரீதம். பெட்டியின் முதுகில், கம்ப்ரஸர் பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், எந்தக் கேஸ் என்று படி. வருகிறவரிடம் "இது 600ஏ, தெரியும்ல அண்ணா?" என்று கேள். முகத்தைப் பார்த்தாலே புரியும்.

கரண்ட் விஷயம். பக்கத்திலேயே அணையும் அனல்மின் நிலையமும் வைத்துக்கொண்டு 2012-ல் நாங்களே பாதி நாள் இருட்டில் கிடந்தோம். இப்போது மாசத்துக்கு ஒரு பராமரிப்பு மின்தடைதான். கரண்ட் போனால் கதவைத் திறக்காதே. சாத்தியே இருந்தால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த பிரீசர் இரண்டு நாள்கூடத் தாங்கும். கரண்ட் வந்த நொடியே போட்டுவிடாதே, ஐந்து நிமிஷம் விடு. உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸரால் கிளம்ப முடியாது. நல்ல ஸ்டெபிலைசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டின இட்லி மாவைக் குண்டாவோடு திணித்து, டேம் மீனை மூடாமல் வைத்து, சூட்டோடு சாம்பாரையும் உள்ளே தள்ளுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மாவைச் சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து வை, இடையில் காற்று போக வேண்டும். மீனைக் கழுவி மூடி போட்ட டப்பாவில் வை. ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வைத்தால் வாடை குறையும். காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பின்சுவரில் இருக்கிற சின்ன ஓட்டை அடைத்திருக்கும், மல்லித்தழை குப்பைதான். வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக் குத்தி எடு. கம்பி வேண்டாம், உறிஞ்சு குழல் போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க உள்ளே வை. காலையில் 4 டிகிரிக்கு மேல் காட்டினால் நாபை ஏற்று.

எது செய்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கு. கம்ப்ரஸர் பக்கத்தில் உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் அடிக்கும். அதில் நீ கை வைக்காதே. குழாயை அறுப்பது, பற்றவைப்பது எல்லாம் படித்தவன் வேலை. கூலியில் பேரம் பேசாமல் கொடு.

இன்றைக்கு ராத்திரி கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்திப் பார். இழுத்தால் பிடிக்க வேண்டும். சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரால் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ரப்பரைத் தளர்த்திப் பார். அப்படியும் ஒட்டாவிட்டால், ரப்பரின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து, காய்கறி டிராயர் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரோடு எனக்கு வாட்ஸ்அப் பண்ணு. இங்கே சேலம் கேம்ப்பில் கேட்டு வாங்கி, சனிக்கிழமை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.