பேர் சொல்லிப் பாடியவர்கள்

ராப் பாடுகிறவர்களைப் படம் எடுப்பதில் முதல் இடைஞ்சல் மைக்தான். மெல்லிசைப் பாடகர் மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிப்பார். முகம் முழுதாகத் தெரியும். ராப் பாடும் பிள்ளைகள் மைக்கின் தலையையே உள்ளங்கையால் பொத்தி உதட்டோடு ஒட்டிக்கொள்கிறார்கள். நேர் எதிரே நின்று எடுத்தால் ஒரு முஷ்டியும் ஒரு தொப்பியும்தான் கிடைக்கும். மைக் பிடிக்காத கையின் பக்கமாக, மேடையின் ஓரத்தில் நிற்க வேண்டும். நின்ற பிறகு காதுக்குத்தான் அதிக வேலை. நான்கு தட்டு ஒரு சுற்று. சில சுற்றுகளுக்கு ஒருமுறை மூச்சு வாங்குவதற்காக வரி அறுபடும். அந்த நேரத்தில் மைக் அரை அடி இறங்கும், முகம் வெளியே வரும். தட்டை எண்ணிக்கொண்டே காத்திருந்தால் அது அகப்படும். தப்புச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான். காமன் கூத்தில் அடி எந்த இடத்தில் மாறும் என்பது எங்கள் கால்களுக்கே தெரியும்.

நான் படம் எடுக்கப் போனது, இலங்கை மலையகத்தின் டயகமவில், தோட்டத்து மண்டபம் ஒன்றில், பொங்கலுக்கு ஊர் வந்திருந்த இளைஞர்கள் நடத்திய ராப் இரவை. பாடசாலை தொடங்கும் காலம். பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கப் பணம் சேர்க்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொப்பி விலை ஏறிய ஏற்றத்தில், மூன்று பிள்ளைகள் உள்ள லயத்து வீடு ஒன்றுக்கு ஜனவரி மாதம் எப்படி இருக்கும் என்பதை இங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தலவாக்கலையில் பஸ் ஏறி லிந்துலை, அக்கரபத்தனை தாண்டி வந்தால் டயகம. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியின் காடு. ஜனவரி இரவில் குளிர் எலும்பில் ஏறும். அந்தக் குளிரிலிருந்து நூற்றுக்கணக்கானோர் மூச்சுவிடும் மண்டபத்துக்குள் கமராவைக் கொண்டுபோனால் லென்ஸில் உடனே ஆவி படியும். பையைத் திறக்காமல் அப்படியே ஒரு மூலையில் வைத்துவிட வேண்டும்; உள்ளே இருக்கும் கண்ணாடி மெல்லச் சூடேறிய பிறகுதான் எடுக்கலாம். அந்த நேரம் வீணாவதில்லை. யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த ஆயா யாருடைய பாட்டி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளை ஆடத் தயாராக நிற்கிறது என்றெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் அடுத்த சிக்கல். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கலர் விளக்குகளைத்தான் கட்டியிருந்தார்கள். சிவப்பு எல்.இ.டி. வெளிச்சம் கறுத்த தோலில் விழுந்தால் கமரா கண்ணையும் கன்னத்தையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே சிவப்புக் குழம்பாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து எடுத்து, பிறகு கறுப்பு வெள்ளையாக்கினால்தான் முகம் மீளும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட் வினாடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை நூறில் ஒரு வினாடிக்கு வைத்தால் வெளிச்சம் சீராக விழும். வேகம் கூட்டினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழத் தொடங்கும். ஆனால் நூறில் ஒரு வினாடியில் வீசுகிற கை கலங்கும். கை கலங்கினால் கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கண் கலங்காமல் இருந்தால் போதும். ஃபிளாஷ் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: மனப்பாடமாக வரி சொல்லிக்கொண்டிருப்பவரின் கண்ணில் அதை அடிக்கவே கூடாது.

தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தர்ம காரியத்துக்கு இந்தச் சத்தம் எதுக்கு தம்பி? பஜனை வச்சிருக்கலாமே.” அவருக்கு அந்தச் சத்தத்துக்கிடையே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். ஹிப் ஹொப் என்ற கலையே பாடசாலைச் செலவுக்குப் பணம் சேர்க்கப் போய்ப் பிறந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் சிண்டி கேம்பல், பாடசாலை திறக்குமுன் புது உடுப்பு வாங்க விரும்பினார். தாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பின் பொது அறையை வாடகைக்கு எடுத்தார். அழைப்பைச் சிறு அட்டைகளில் கையாலேயே எழுதினார்கள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அண்ணன் கிளைவ். உலகம் அவரை டி.ஜே. கூல் ஹெர்க் என்று அறியும். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை மாறி மாறி நீட்டினார் அவர். அந்த நீட்சியின் மேல்தான் பிறகு பேச்சு ஏறியது. டயகம மண்டபத்தில் நடந்தது அந்த முதல் இரவின் நேர் வாரிசு.

எங்களுக்கும் அந்தக் கலைக்கும் உறவு தூரமில்லை. றப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழரைக் கொண்டுபோன மலேசியாவில், யோகி பி.யும் நட்சத்ராவும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார்கள். தமிழ் ராப் பாட நினைத்த ஒரு தலைமுறைக்கு அது வழிகாட்டியது. 2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அந்தப் பாட்டுக்கு ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பம் அவருடையது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு எண்ணி ஒதுக்கியது. அந்த எண்ணிக்கைக்குள் போனவர்களின் பேரன் எழுதிய வரிகள், அவர்கள் விட்டுப்போன லயங்களில் அதே மாதம் கைப்பேசி வழியாக ஒலித்தன. இங்கே தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததும் அந்த மார்ச்சில்தான். அந்த ஆயிரத்துக்காக 2018 அக்டோபரில் காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் திரண்ட பிள்ளைகளின் தம்பிமார்தான் டயகம மேடையில் நின்றார்கள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை பார்ப்பவர்கள்.

அவர்கள் பாடியதில் என்னை அதிகம் தொட்டது, ஒவ்வொருவரும் தொடங்கும்போது தன் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் சொன்ன விதம். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் கணக்கப்பிள்ளை போடும் பேராக இருந்ததை, மண்டபம் அதிரும்படி அவர்களே உரக்கச் சொன்னார்கள். கூட்டம் பதிலுக்கு அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது.

இடையில் முன்வரிசையில் இருந்த ஒரு ஆயா பக்கம் கமராவைத் திருப்பினேன். கையால் மறைத்துக்கொண்டார். “கொழுந்தெடுக்கையில வர்றவன் போறவன் எல்லாம் என்னய எடுத்துட்டுப் போயிட்டான் தம்பி. ஒருத்தனாச்சும் ஒரு படத்தக் கொண்ணாந்து குடுத்தானா?” என்றார்.

அவர் கேட்டது ஒன்றரை நூற்றாண்டுக் கேள்வி. இந்த மலைகளுக்கு அந்தப் பக்கம், பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலய வளவில், ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் எடுத்தவர், 1875இல் இலங்கை வந்து 1879இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கிலாந்துப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றில் எஞ்சியுள்ள சில படங்களில் ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’. அந்த முகங்களின் கண்ணியத்தை அவர் பார்த்திருக்கிறார், அதில் எனக்கு ஐயமில்லை. பெயர் மட்டும் விடுபட்டுப் போனது. அதன்பிறகு வந்த தேயிலைப் பெட்டி, தபால் அட்டை, சுற்றுலாச் சுவரொட்டி எல்லாவற்றிலும் எங்கள் பெண்கள் கூடையோடு சிரிக்கிறார்கள். ஒருவருடைய பெயரும் அவற்றில் இல்லை.

இதற்கு மறுபக்கத்தில் நிற்பவர் ஜோ கான்சோ. 1970களின் கடைசியில் தெற்கு பிரொங்ஸில் பாடசாலை மாணவராக இருந்தபோது, கூடப் படித்த நண்பர்கள் பாடிய கோல்ட் கிரஷ் பிரதர்ஸ் குழுவைப் படம் எடுக்கத் தொடங்கியவர். அந்தத் தெருவின் பிள்ளை என்பதால் அவர் யாரையும் வேடிக்கைப் பொருளாக எடுக்கவில்லை. எடுத்தவர்களை இன்னார் என்று அறிந்திருந்தார். பின்னாளில் நியூயோர்க் தீயணைப்புத் துறையில் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தார். அவருடைய படங்கள் இன்று கோர்னெல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் இருக்கின்றன. எங்கள் மலைக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆட்கள். ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவராவது, எடுத்த முகத்தின் பெயரையும் குறித்துவைப்பவர்.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஒரு வாக்குவாதம். பணம் அனுப்பியவர்களில் வெளியூரில் இருப்பவர்களும் உண்டு. கொப்பி வாங்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் பையை நெஞ்சோடு பிடித்திருப்பதாக எடுத்து அனுப்பினால்தான் அடுத்த முறையும் தருவார்கள் என்றார் ஏற்பாட்டாளர்களில் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கணக்குக் கேட்பது தந்தவரின் உரிமை. ஆனாலும் நான் மறுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, முகநூலில் தன்னை இலவசக் கொப்பியோடு காணும் நாளை எனக்குத் தெரியும். வகுப்பில் அந்தப் படம் எப்படிக் கைமாறும் என்பதும் தெரியும். செட்ஜ்விக் அவென்யூவில் சிண்டி யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கொண்டாட்டத்தைத் தந்தார். இங்கேயும் பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். கொப்பி பெறப்போகிற சிறுமி ஒருத்தி அன்றிரவு மேடையில் ஆடியிருக்கிறாள். அவளைத் தந்தவள் என்று எடுப்பதா, பெற்றவள் என்று எடுப்பதா?

கடைசியில் எடுத்தது வேறு. மேசையில் கொட்டிய காசை மூன்று பேர் எண்ணுவது, கையெழுத்திட்ட கணக்குத் தாள், கடைக்காரரின் பற்றுச்சீட்டு, அட்டை போட்டு அடுக்கிய கொப்பிகள். சிறுமி ஆடிய படமும் அதோடு போனது, அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகு, பெயரோடு. வெளியூரில் இருந்தவர்கள் குறையொன்றும் சொல்லவில்லை.

படங்களைத் தாளில் அச்சடிக்க ஹட்டனுக்குக் கொடுத்தேன். கைப்பேசித் திரையில் பார்ப்பது லயத்துச் சுவரில் மாட்டுவதற்கு ஈடாகாது. பாடியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பின்பக்கத்தில் பெயர், தோட்டம், தேதி. எழுத்துப்பிழை வராதபடி அவர்களையே எழுதச் சொன்னேன். ஒரு தம்பி தன் பெயருக்குக் கீழே அப்பா பெயரையும் அப்பாயி பெயரையும் எழுதினான். முன்வரிசை ஆயா படம் எடுக்கச் சம்மதித்தது அச்சடித்த கட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான். வீட்டு வாசலில், கூடை இல்லாமல், மஞ்சள் சேலையில், தான் விரும்பியபடி நாற்காலியில் உட்கார்ந்து. அவருக்கு இரண்டு பிரதி வேண்டுமாம். ஒன்று கொழும்பில் இருக்கும் மகளுக்கு.