சாம்பல் கழுத்தை மட்டும் நம்பாதீர்கள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லை ஊர்களில் காக்கையைத் தெரியாதவர் இல்லை. அதனாலேயே யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. இங்கே பல ஆண்டுகளாகப் பைனாகுலரோடு அலையும் பறவை ஆர்வலர் ஒருவர், புதிதாக வருகிறவர்களை முதலில் மீன்சந்தைக்குத்தான் அழைத்துப் போகிறார்.

கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக் காக்கை, முழுக்கக் கறுப்பென்றால் அண்டங்காக்கை. மலையாளத்தில் பேனக்காக்க, பலிக்காக்க. கேட்க எளிதுதான். ஆனால் தென்கேரளத்திலும் இலங்கையிலும் வீட்டுக் காக்கையின் கழுத்துச் சாம்பல் அடர்ந்தது. வட இந்தியக் காக்கையின் வெளுப்பு இதற்குக் கிடையாது. உச்சி வெயிலில் தென்னைமட்டைமேல் வந்து உட்கார்ந்தால் நிறத்தை நம்ப முடியாது. அப்போது அலகைப் பார்க்கச் சொல்கிறார் அவர். அண்டங்காக்கையின் அலகு தடித்து, மேற்புறம் நன்றாக வளைந்திருக்கும். குரலும் தாழ்ந்து கரகரக்கும். வீட்டுக் காக்கை உடல் ஒடுங்கியது, கூட்டம் விரும்பி. அண்டங்காக்கை பெரும்பாலும் ஜோடியாகவே திரியும்.

கர்க்கடக வாவன்று, அதாவது ஆடி அமாவாசையன்று, அருவிப்புறம் போன்ற நெய்யாற்றங்கரைத் துறைகளில் பலிச்சோறு வைக்கிறார்கள். காக்கையின் பழக்கங்களைப் பக்கத்தில் நின்று பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. வீட்டுக் காக்கை எல்லாச் சோற்றையும் அங்கேயே விழுங்கிவிடாது. நாக்குக்கு அடியிலுள்ள பையில் அடைத்துக்கொண்டு பறக்கும். தாடை உப்பியிருப்பது கீழிருந்தே தெரியும். ஓட்டிடுக்கிலோ மரப்பொந்திலோ செருகிவிட்டு, மேலே ஒரு சருகையும் போட்டு மூடும்.

ஐரோப்பாவில் இதே கவனம் ஜாக்டா என்ற சின்னக் காக்கைக்குக் கிடைத்தது. வெளிறிய கண், சாம்பல் பிடரி, பொந்துகளில் கூடு; இந்தியாவில் காஷ்மீர்ப் பக்கம் போனால் காணலாம். ஆஸ்திரியாவின் ஆல்டன்பர்க்கில் கொன்ராட் லோரன்ஸ் தன் வீட்டிலேயே ஜாக்டாக்களை வளர்த்து, ஜோடி சேர்வதையும் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்பதையும் பார்த்து எழுதினார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நம் முற்றத்துக் காக்கைக்கும் அந்த அளவு பொறுமையைக் கொடுக்கலாம்.

மாமரத்திலோ அயினியிலோ சுள்ளியும் கம்பியும் வைத்து அது கட்டும் கூட்டில் குயில் முட்டையிடும். குயில் முட்டை சில நாள் முந்தியே பொரியும். குஞ்சு பெரிதாகிப் பறந்த பிறகும் காக்கை ஊட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த குயிலைக் கண்டாலோ விரட்டும். ஒரே மரத்தைச் சுற்றிக் காக்கைகள் இரைச்சலிட்டால், உள்ளே குயிலோ ஆந்தையோ வல்லூறோ பதுங்கியிருக்க வாய்ப்புண்டு. நம் பறவை ஆர்வலர் பைனாகுலரை முதலில் அங்கேதான் திருப்புகிறார்.